எள்ளுத்தாத்தாவின் வில்லை

போன மாசம் ஒரு சனிக்கிழமை. அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழட்டுவதற்குள் வாண்டு சுருட்டிய சார்ட் பேப்பரோடு எதிரில் வந்து நின்றுவிட்டாள். வயசு பத்து. ஐந்தாம் வகுப்பு.

"மாமா, ப்ராஜக்ட்! திங்கக்கிழமை குடுக்கணும்."

தலைப்பு: 'பிரிட்டிஷ் காலத்தில் மக்களின் அன்றாட வாழ்க்கை.' அக்கா ஏற்கெனவே ஸ்டேஷனரி கடையில் தலைவர்கள் பட அட்டை வாங்கி வைத்திருந்தாள். காந்தி, நேரு, பகத்சிங், ஜான்சி ராணி, கடைசி வரிசையில் என்ன காரணத்தாலோ அன்னை தெரசா. (அந்த அட்டைகளை அச்சடிக்கும் மகானுபாவரை ஒருநாள் நேரில் பார்க்கவேண்டும்.) வெட்டு, ஒட்டு, சுற்றிலும் ஜிகினா பார்டர். முடிந்தது வேலை.

"இதுல அன்றாட வாழ்க்கை எங்க இருக்கு?" என்று கேட்டேன். தேவையில்லாத வேலை. "அப்ப நீயே சொல்லிக்குடு" என்று அக்கா சமையலறைக்குப் போய்விட்டாள். அந்த வாரக்கடைசி போன கதைதான் இது.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். கூகுள். ஆங்கிலத்தில் 'காலனியல் லைஃப் ஃபார் கிட்ஸ்' என்று தேடினால் வந்து கொட்டுவதெல்லாம் அமெரிக்கா. மெழுகுவர்த்தி செய்வது எப்படி, வெண்ணெய் கடைவது எப்படி, மரப்பலகையில் எழுத்துத்தாளை ஒட்டி மேலே கொம்புத் தகடு பதித்த அந்தக்காலப் பாடப்பலகையை அட்டையில் செய்வது எப்படி. பொறாமையாக இருந்தது. வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் என்று ஒரு ஊர். 1926-லிருந்து ராக்ஃபெல்லர் பணத்தில் அதைப் பதினெட்டாம் நூற்றாண்டு ஊராகவே திரும்பக் கட்டி, கொல்லனும் செருப்புத் தைப்பவரும் அந்தக்கால உடுப்போடு வேலை செய்வதைப் பிள்ளைகள் போய்ப் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கொஞ்சம் உள்ளே போய்ப் படித்தால் வேறு ஒன்று தெரிகிறது. அந்தக்கால வில்லியம்ஸ்பர்க்கில் பாதிப்பேர் கறுப்பர்கள், கிட்டத்தட்ட எல்லாருமே அடிமைகள். புதுப்பித்துக் கட்டி ஐம்பது வருஷம் வரைக்கும் அந்தப் பாதி ஊர் கண்ணிலேயே படவில்லை. 1979-ல்தான் அவர்கள் வாழ்க்கையையும் நடித்துக் காட்ட ஆரம்பித்தார்கள். 1994 அக்டோபரில் அடிமை ஏலத்தையே நடத்திக் காட்டியபோது பெரிய சண்டை. எதிர்த்தவர்களில் கறுப்பின அமைப்புகளும் இருந்தன, வேதனையை வேடிக்கை ஆக்குகிறீர்கள் என்று. ஏற்பாடு செய்து நடத்தியவர்களும் கறுப்பின ஊழியர்களேதான். மெழுகுவர்த்தி செய்து காட்டும்வரை யாருக்கும் எந்தப் பிரச்சினையும் இல்லை பாருங்கள்.

இதைப் படித்தபோது சுவாரசியமான தகவல் என்று மட்டும்தான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது என் தலையிலேயே விடியும் என்று தெரியாது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். கையில் கிடைப்பதை வைத்து ஆரம்பிக்கலாம் என்று வீட்டுக்குள்ளேயே ஒரு சுற்று போனோம். விளையாட்டு இதுதான்: எதைத் தொட்டாலும் அதன் பெயர் எந்த நாட்டுக்காரன் விட்டுப்போனது என்று நான் சொல்லவேண்டும். ஜன்னல், போர்ச்சுகீஸ். சாவி, போர்ச்சுகீஸ். அலமாரி, மேசை இரண்டும் அவர்களே. பழத்தட்டில் இருந்த அன்னாசியும் அவர்கள் கப்பலில் வந்ததுதான், பெயரோடு சேர்த்து. சாம்பாரில் போட்டிருந்த மிளகாயும் அப்படி வந்ததுதான் என்றதும் வாண்டு நம்பவில்லை. "அதுக்கு முன்னாடி காரத்துக்கு என்ன பண்ணாங்க?" மிளகு. அந்த மிளகைத் தேடித்தான் அவர்களே வந்தார்கள் என்றேன். "மிளக எடுத்துக்கிட்டு மிளகாயக் குடுத்துட்டாங்களா!" என்றாள். வாஸ்கோடகாமாவை இத்தனை சுருக்கமாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

டச்சுக்காரர்களுக்கு வந்தபோதுதான் ஒரே கும்மாளம். பழவேற்காட்டில் கோட்டை கட்டி, நாகப்பட்டினத்தை 1658-லிருந்து 1781 வரை வைத்திருந்தவர்கள் தமிழுக்கு விட்டுப்போன சொற்களில் ஒன்று கக்கூஸ். இன்னொன்று துட்டு. அவர்கள் ஊர்ச் செப்புக்காசு 'டொய்ட்', நம்ம வாயில் துட்டு ஆனது. வாண்டு உடனே சமையலறைக்கு ஓடி "அம்மா, கக்கூஸும் துட்டும் ஒரே ஊர்லேர்ந்து வந்துச்சாம்!" என்று அறிவித்துவிட்டு வந்தாள். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க விரும்பவில்லை :-)

அடுத்தது காசு. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஒரு அணாவுக்கு நாலு காலணா அல்லது பன்னிரண்டு தம்பிடி. ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. 1957 ஏப்ரல் 1 அன்றுதான் நூறு காசுக் கணக்கு வந்தது. அதற்கப்புறமும் பல வருஷம் ஐம்பது காசு எட்டணாவாகவும் இருபத்தைந்து காசு நாலணாவாகவும்தான் நம்ம வாயில் இருந்தது. நாலணாவை 2011-ல் செல்லாமல் ஆக்கினார்கள். நான் நாலணாவுக்கு மிட்டாய் வாங்கிய கடைசித் தலைமுறை என்று பெருமையாகச் சொன்னேன். "நீ அவ்ளோ பழசா மாமா?" என்றாள்.

"ஏன் பத்து பத்தா வைக்காம பதினாறு?" என்று கேட்டாள் பாருங்கள், அங்கேதான் உள்ளே இருந்த பொறியாளன் முழித்துக்கொண்டான். பதினாறைப் பாதியாக்கிக்கொண்டே போகலாம். எட்டு, நாலு, இரண்டு, ஒன்று. தராசில் பொருளைப் பாதி பாதியாகப் பிரிப்பவனுக்கு இதைவிட வசதி எது? நம்ம பின்னக் கணக்கும் அப்படித்தான்: அரை, கால், அரைக்கால், மாகாணி. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, அதாவது ரூபாயில் ஒரு அணா. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்சுவடியில் இதை முந்திரி வரை, அதாவது 320-ல் ஒரு பங்கு வரை, மனப்பாடமாக ஒப்பித்தார்கள். நான்கு வருஷம் என்ஜினியரிங் படித்த நான் கால்குலேட்டர் இல்லாமல் ஹோட்டல் பில்லைப் பிரிக்கத் திணறுகிறேன்.

திண்ணைப் பள்ளிக்கூடம் என்றதும் அங்கே என்ன உண்டு, என்ன இல்லை என்று விசாரணை. யூனிஃபார்ம் இல்லை என்றதும் சந்தோஷம். மணலில் விரலால் எழுதணும் என்றதும் அதைவிட சந்தோஷம். பெரிய பையன் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பான், அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர் என்றேன். "எங்க கிளாஸ் லீடர் மாதிரி." மாதிரி என்ன மாதிரி, அதேதான். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-லிருந்து எழும்பூரில் அநாதைப் பையன்களுக்கான பள்ளியை நடத்திக்கொண்டிருந்தார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். சம்பளம் கொடுத்து வாத்தியார் வைப்பதைவிட இது மலிவாயிற்றே என்று எடுத்துக்கொண்டு, பையன்களையே பையன்களுக்குப் பாடம் சொல்லவைத்தார். ஊருக்குத் திரும்பி 1797-ல் புத்தகமே போட்டார். இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் பெருகியபோது அது 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரிலேயே பரவியது. வெள்ளைக்காரன் வந்துதான் நமக்குப் படிப்பு வந்தது என்பவர்களிடமும், அவனுக்கு முன்னால் எல்லாரும் படித்துக்கொண்டிருந்தோம் என்பவர்களிடமும் ஒரே நேரத்தில் சண்டை போட ஏற்ற ஆள் இந்த பெல்.

இரண்டாவது கோஷ்டியோடு ஏன் சண்டை என்றால், அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள் என்ற கேள்விதான். வாண்டுவே கேட்டாள். "அங்க கேர்ள்ஸ் தனியா உக்காருவாங்களா?"

பெரும்பாலும் உட்காரவே மாட்டார்கள் என்றேன். 1911 மக்கள்தொகைக் கணக்கில் நாடு முழுக்க எழுதப்படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர். "எங்க ஸ்கூல்ல முந்நூறு கேர்ள்ஸ். அப்ப மூணு பேரு." அவளே கணக்குப் போட்டுவிட்டு அந்த மூன்று பேர் யாராக இருக்கும் என்று தோழிகள் பெயரை எண்ண ஆரம்பித்தாள். தன் பெயரையும் சேர்த்துக்கொண்டாள் என்பதைச் சொல்லவே வேண்டாம். பெண்ணுக்குப் பதினாலு வயசாவது ஆகணும் என்று கல்யாணச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 1930 ஏப்ரல் 1-ல்தான் என்றும் சொல்லியிருக்கலாம். பத்து வயசுப் பிள்ளையிடம் எப்படி எடுப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். அக்காவிடம் சொன்னேன். "நம்ம அப்பாயியோட அம்மாவுக்கு பத்து வயசுலதான் ஆச்சு" என்றாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது இதுதான் உறுத்தியது. அன்றாட வாழ்க்கை என்று பொதுவாகச் சொல்கிறோம். யாருடைய அன்றாடம்? அக்ரஹாரத்துத் திண்ணையும் சேரிக் குடிசையும் ஒரே ஊரில் இருந்தன, ஒரே வெள்ளைக்காரனின் கீழே. ஊர்க் கிணற்றில் தண்ணீர் சேந்தக்கூடாது, ஊர்த் தெருவில் நடக்கக்கூடாது என்று இருந்தவர்களின் காலை எப்படி விடிந்திருக்கும்? பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லாருக்கும் பொது என்று 1924-ல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. பொது என்ற வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல ஒரு தீர்மானம்! உசிலம்பட்டிப் பக்கம் போனால் இன்னொரு மாதிரி. குற்றப்பரம்பரைச் சட்டத்தில் கைரேகை வைத்த ஆண்கள் ராத்திரியானால் காவல் நிலையத்தில் போய்ப் படுக்கணும். ரேகை வைக்க மாட்டோம் என்றவர்களை 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது 1947-ல். அந்த ஊர்ப் பிள்ளைக்கு 'பிரிட்டிஷ் காலத்தில் அன்றாட வாழ்க்கை' என்றால் அப்பா வீட்டில் தூங்காத ராத்திரிதானே. இதை எந்த ஜிகினா பார்டருக்குள் ஒட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு முடிவுக்கு வந்தேன். எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம். எல்லா வீட்டிலும் இருந்த ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். உப்பு.

உப்பு நல்ல தேர்வு. பிள்ளைக்குத் தெரியும், அடுக்களையில் இருக்கிறது, கணக்குப் போட இடம் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் உப்பு விற்கும் உரிமையை கும்பெனி 1805-லேயே தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டது. அப்புறம் வரி ஏறும், இறங்கும். 1882-ல் மணங்குக்கு இரண்டு ரூபாய், 1888-ல் இரண்டரை, அப்புறம் படிப்படியாகக் குறைந்து, 1923-ல் மறுபடி இரண்டரைக்குப் போய், மறுவருஷமே ஒன்றேகால் ரூபாய்க்கு வந்தது. இந்த மணங்கு 82 பவுண்டு. நம்ம கணக்கில் 37 கிலோ சொச்சம்.

"முப்பத்தேழு கிலோவுக்கு இருபது அணா வரி. அஞ்சு பேர் உள்ள வீட்டுக்கு வருஷத்துக்கு முப்பது கிலோ உப்புன்னு வெச்சுக்க. எவ்ளோ வரி?"

பேப்பரில் கிறுக்கிவிட்டுச் சொன்னாள். "பதினாறு அணா. ஒரு ரூபா!"

1930 மார்ச் 2-ம் தேதி காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு இந்தியனின் சராசரி வருமானம் நாளைக்கு இரண்டு அணாவுக்கும் குறைவு. வைஸ்ராயின் சம்பளம் நாளைக்கு எழுநூறு ரூபாய்க்கு மேல். ஆக அந்த ஒரு ரூபாய் வரி, ஒரு சராசரி ஆளுக்கு எட்டு நாள் வருமானம். வைஸ்ராய்க்கு? அவர் தூங்குகிற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இரண்டு நிமிஷம். (சராசரி என்பது குழந்தை குட்டி எல்லாவற்றையும் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு, எனவே எட்டு நாள் என்பது கொஞ்சம் ஏமாற்று என்று கணக்குப் புலிகள் கிளம்புமுன் நானே சொல்லிவிடுகிறேன். தலைக்குப் பிரித்தால் ஒன்றரை நாள் சொச்சம். ஆனால் வீட்டில் சம்பாதிக்கிறவர் ஒருத்தர்தானே?)

வாண்டுக்கு வரியைவிட வேறொன்று பிடிபடவில்லை. வேதாரண்யம் பக்கம் கோடையில் சதுப்பில் கடல்தண்ணீர் வற்றி, உப்பு தானாகவே வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அதை ஒரு கை அள்ளினால் குற்றம் என்று சொன்னேன்.

"சும்மா தரையில கெடக்கறத எடுத்தா எப்படி மாமா திருட்டு?"

நல்ல கேள்வி. வரி கட்டாத உப்பு இருக்கவே கூடாது என்பதுதான் சட்டத்தின் தர்க்கம். அதனால் தானாகப் பூத்த உப்பையும் விட்டுவைக்க மாட்டார்கள். உப்பு இலாகா ஆட்கள் போய் மிதித்து, சேற்றோடு கலந்து அழிப்பார்கள். அதற்குச் சம்பளம் உண்டு. சாப்பிடுகிற பொருளை மண்ணாக்குவதற்குச் சம்பளம். அதுதான் 1930 ஏப்ரல் 13-ல் இதே திருச்சியில் டாக்டர் ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி ஏறக்குறைய நூறு பேரோடு நடக்க ஆரம்பித்தபோது பின்னால் இருந்த கோபம். தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டி என்று இரண்டு வாரத்துக்கு மேல் நடை. இவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் மரக்கிளைகளில் சோற்று மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போனார்கள் என்பார்கள். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற நாவிதர் போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மறுத்து ஜெயிலுக்குப் போனார். ஏப்ரல் 30-ல் அகஸ்தியம்பள்ளியில் உப்பை அள்ளியதும் ராஜாஜி கைதானார்.

மரத்தில் சோறு தொங்கிய இடத்தில் வாண்டு சொக்கிப்போனாள். சார்ட்டில் மரம் வரையலாம் என்று முடிவாயிற்று. எனக்கும் ஒரே குஷி. வீரம் இருக்கிறது, படம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது. அப்போதுதான் நான் அந்த வார்த்தையை விட்டேன். "நம்ம தாத்தா வீடு வேதாரண்யம் பக்கம்தான் தெரியுமா? அவரோட அப்பா உப்பு இலாகாவுலதான் இருந்தார்."

பெருமையாகத்தான் சொன்னேன். எங்கள் வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்லித்தான் பழக்கம். 'வெள்ளைக்காரன் காலத்துலேயே கவர்மெண்டு உத்தியோகம்.' கல்யாணப் பேச்சுகளில் மூன்று தலைமுறையாக உருட்டிய வசனம். அப்பா வீட்டு பீரோவில் ஒரு பித்தளை வில்லை இருக்கிறது. சேவகர்கள் தோளில் குறுக்காகப் போடும் டவாலியில் மாட்டுவது. நடுவில் இங்கிலீஷில் 'சால்ட்' என்றும் கீழே ஒரு எண்ணும் பொறித்திருக்கும். ஆயுத பூஜைக்கு எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துப் பொட்டு வைப்போம். இருபத்தெட்டு வருஷம் அதைப் பார்த்திருக்கிறேன்.

வாண்டு ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள். "அப்ப உப்ப மிதிச்சது அவரா?"

நம்புங்கள், அதுவரைக்கும் எனக்கு அது தோன்றியதே இல்லை. உப்புச் சத்தியாக்கிரகம் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன், ஐந்து மார்க் கேள்வி. வில்லைக்குப் பொட்டு வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே சதுப்பில் நடந்தது என்று மூளையில் கம்பி இணையவே இல்லை. வெளியே ரொம்ப மும்முரமாக மரத்துக்கு இலை வரைவதுபோல நடித்தேன்.

"வா, தாத்தாவையே கேப்போம்."

சாயங்காலம் அப்பா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். தாத்தாவுக்கு எண்பத்தேழு வயசு. பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காது மந்தம், ஞாபகம் படுகூர்மை. முதலில் பெட்டியைத் திறந்து ஓட்டைக் காலணா ஒன்றை எடுத்துக் காட்டினார். யுத்த காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு 1943-லிருந்து அடித்தது. அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு கடைக்குப் போவாராம். வாண்டு அதை விரலில் மோதிரமாக மாட்டிப் பார்த்தாள். அப்புறம் நேராகக் கேட்டுவிட்டாள். அவள் எதையும் சுற்றி வளைக்கிற ஜாதி இல்லை.

"பெரிய தாத்தா, உங்கப்பா உப்பு எடுத்தவங்களப் புடிச்சுக் குடுத்தாரா?"

தாத்தாவுக்குக் கேட்கவில்லை என்று நினைத்து இரண்டாம் முறை உரக்கச் சொன்னாள். கேட்டிருந்தது.

"அவரு வேலை அதுதானே ஆயி" என்றார்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். இவர் பிறப்பதற்கு முந்தைய கதை, இவருடைய அம்மா சொன்னது. சித்திரை வைகாசியில் உப்புப் பூக்கும்போது சேவகர்களுக்கு ராத்திரி ரோந்து. நிலா வெளிச்சத்தில் பொம்பளைகள் கொட்டாங்கச்சியும் முந்தானையுமாக வந்து சுரண்டுவார்கள். பிடித்தால் வழக்கு, அபராதம், கட்ட வழியில்லாவிட்டால் ஜெயில். "எங்கப்பா தூரத்துல வரும்போதே இருமுவாராம். அவுங்க ஓடிப்போயிடுவாங்க. எங்கம்மா சொல்லும்."

வாண்டு முகத்தில் அப்பாடா என்று ஒரு வெளிச்சம். என் முகத்திலும் இருந்திருக்கும். எள்ளுத்தாத்தா நல்லவர். கேஸ் முடிந்தது. ஆனால் வீடு திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு சந்தேகம் அரிக்க ஆரம்பித்தது. வெள்ளைக்காரனிடம் வேலை பார்த்த எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு இருமல் இருக்குமோ? லத்தியை ஓங்கினாலும் மெதுவாக அடித்த ஏட்டு, ஜப்தி செய்ய வந்தாலும் சொம்பை மட்டும் விட்டுப்போன அமீனா. எல்லாரும் இருமியிருந்தால் ஜெயில் எப்படி நிறைந்தது? அந்த அரசாங்கத்தை நடத்தியவர்களில் வெள்ளைக்காரர்கள் கொஞ்சம்பேர்தான். தார்ன் உத்தரவுதான் போடுவார். ராத்திரியில் சேற்றில் இறங்கி மிதித்தது எங்கள் ஆள். அவருக்கு வேறு வழி இருந்ததா என்றால், குத்தகை நிலம்கூட இல்லாத குடும்பம், மாசச் சம்பளம் என்பது சும்மா இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் தாத்தா படித்தார், தாத்தாவின் ரயில்வே வேலையில் அப்பா படித்தார், நான் இப்போது ஏசி அறையில் உட்கார்ந்து கோட் அடிக்கிறேன். வைரப்பனுக்கும் வேறு வருமானம் கிடையாது என்பதும் அதே பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது.

இதையெல்லாம் பத்து வயசுப் பிள்ளையிடம் சொல்லலாமா? அக்காவுக்கு விருப்பமில்லை. "சின்னப்புள்ளைக்கு எதுக்குடா இது, மரத்தையும் சோத்தையும் போட்டு முடிங்க." நியாயம்தான். மெழுகுவர்த்தி, வெண்ணெய். ஆனால் நான் ஒன்றும் சொல்லாமலே வாண்டு ராத்திரி பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள், "இருமினது உண்மையா மாமா? யாரு பாத்தா?"

"தெரியாது. அவங்க அம்மா சொன்னதா தாத்தா சொல்றார்."

"எடுத்தவங்க வீட்ல கேட்டா தெரியும்ல?"

அந்த வீடுகள் எவை என்று எங்களுக்குத் தெரியாது. எங்களிடம் வில்லை இருக்கிறது. கொட்டாங்கச்சியை யார் பத்திரப்படுத்தி வைப்பார்கள்.

பதினோரு மணிவரை உட்கார்ந்து சார்ட்டை முடித்தாள். நடுவில் மரம், கிளையில் சோற்று மூட்டைகள். இடது பக்கம் 192 தம்பிடிக் கணக்கு. வலது பக்கம் கொட்டாங்கச்சியோடு இரண்டு பெண்கள், கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய கால். ஆளை வரையவில்லை, வெறும் கால் மட்டும். கீழே அவள் கையெழுத்தில்: 'இது என் எள்ளுத்தாத்தா. இவர் உப்பு இலாகாவில் வேலை பார்த்தார். தரையில் பூத்த உப்பை மிதிப்பார். இருமினார் என்று சொல்கிறார்கள். 1931-ல் காந்தி இர்வின் ஒப்பந்தத்துக்குப் பிறகு பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுக்கு உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். 1947 ஏப்ரல் முதல் வரி இல்லை.' வருஷங்கள் மட்டும் நான் சொன்னது. 'சொல்கிறார்கள்' என்பதை அவளேதான் எழுதினாள்.

பத்துக்கு எட்டு மார்க். ஏன் இரண்டு குறைச்சல் என்று விசாரித்தால், தலைவர்கள் படம் ஒன்றுகூட ஒட்டவில்லையாம்! பட அட்டை இன்னமும் அக்கா வீட்டு டிவிக்குப் பின்னால் அப்படியே கிடக்கிறது, தெரசாவோடு.

சார்ட்டை ஃபோட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பியிருந்தேன். அப்பா அதைத் தாத்தாவுக்குக் காட்டி, கீழே இருந்ததை உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். தாத்தா ஃபோனை வாங்கி வெகுநேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கோபித்துக்கொண்டார் போல என்று அப்பா பயந்துவிட்டார். எனக்கு ஃபோன் போட்டுக் கொடுக்கச் சொல்லிப் பேசினார்.

"பாப்பாகிட்ட சொல்லு. எங்கம்மா சொன்னது நெசமா பொய்யான்னு எனக்கும் தெரியாது. ஆனா எங்கப்பாவுக்கு பீடி பழக்கம். எந்நேரமும் இருமிக்கிட்டேதான் இருப்பாரு."